பள்ளத்தை அடைக்கும் முன் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

தமிழ்நாட்டின் மாநகராட்சி, நகராட்சிப் பொறியாளர்களுக்கு,

வணக்கம். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். அதற்கு முன்னால் வழக்கம்போல ஊரெங்கும் ரோட்டுப் பள்ளங்களை அடைக்கும் ‘பேட்ச் ஒர்க்’ நடக்கும். இந்த மடல் அதைப் பற்றித்தான்.

எங்கள் தெரு மெயின் ரோட்டில் சேருகிற முனையில், பாதாளச் சாக்கடை மூடிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. அதை மூட யாரும் வருவதில்லை என்று சொன்னால் அது பொய். வருகிறார்கள். மினி லாரியில் தார்க் கலவை வரும். பள்ளத்தில் நிற்கும் தண்ணீரை மண்வெட்டியால் கொஞ்சம் வாரித் தள்ளிவிட்டு, சட்டி சட்டியாகக் கலவையைக் கொட்டுவார்கள். மண்வெட்டியின் முதுகால் தட்டி, மேலே ஜல்லித்தூளைத் தூவிவிட்டுக் கிளம்புவார்கள். ரோலர் வேலையை அந்தப் பக்கம் போகிற தண்ணி லாரி பார்த்துக்கொள்ளும். ஒரு நல்ல மழை போதும், கலவை பெயர்ந்து ஜல்லி ரோடெங்கும் சிதறிக் கிடக்கும். பைக்கில் வருகிறவர்களுக்குப் பள்ளத்தைவிட அந்த ஜல்லிதான் பயம்.

கலவை சரியில்லை, கான்ட்ராக்டர் ஏமாற்றுகிறார் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். இருக்கலாம். ஆனால் நல்ல கலவை போட்டாலும் அந்த இடத்தில் தாங்காது. வெயில் கொளுத்துகிற மே மாதத்திலும் அந்த முனையில் மட்டும் ஈரம் காய்வதில்லை. அடியில் ஏதோ ஒரு குழாய் கசிகிறது என்பதை ஊகிக்கப் பொறியியல் பட்டம் வேண்டாம்.

தார் ரோட்டுக்குத் தண்ணீர் ஆகாது என்பது எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். விரிசல் வழியாக இறங்குகிற தண்ணீர், ஜல்லியிலிருந்து தாரைப் பிரிக்கிறது. வண்டி ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அதே தண்ணீர் அழுத்தப்பட்டு, அடித்தளத்தின் மண்ணையும் பொடியையும் கரைத்து வெளியே தள்ளுகிறது. உள்ளே வெற்றிடம் விழுந்த பிறகுதான் மேல்தளம் உடைகிறது. நாங்கள் புகார் கொடுக்கும்போது சேதம் நடந்து முடிந்து வெகு காலம் ஆகியிருக்கும்.

பள்ளத்தை எப்படி அடைக்க வேண்டும் என்பதற்கும் வழிமுறை இருக்கிறது. தார் ரோடு பராமரிப்புக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் வெளியிட்ட ஐ.ஆர்.சி. 82 என்ற விதிநூல் உங்கள் அலுவலக அலமாரியிலேயே இருக்கும். ஓரங்களை நேராக, நாற்கோணமாக வெட்ட வேண்டும். இளகியதையும் ஈரமானதையும் கெட்டியான தளம் தெரியும்வரை அள்ள வேண்டும். தார் பூசி, அடுக்கடுக்காக நிரப்பி இறுக்க வேண்டும். அப்படித் தோண்டினாலே கசிவு கண்ணில் பட்டுவிடும். நம் ஊரில் தோண்டுவதே இல்லை, அதனால் காரணமும் தெரிவதில்லை.

பள்ளங்கள் அளவு மீறிப் போனால் அடுத்த வைத்தியம், பழைய ரோட்டின் மேலேயே புது ரோடு. 2021இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு, மேல்தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும், மட்டம் உயரக் கூடாது என்று அறிவுறுத்தினார். பெரிய சாலைகளில் அப்படிச் சுரண்டுகிற மில்லிங் இயந்திரத்தைப் பார்க்க முடிகிறது. எங்கள் தெருவுக்குள் அது வந்ததில்லை. ஒருகாலத்தில் படியேறிப் போன வீடுகளுக்குள் இப்போது படியிறங்கிப் போகிறோம். மழைத்தண்ணீர் உள்ளே வராமல் இருக்க வாசலில் சிமென்டில் சின்ன வரப்பு கட்டியிருக்கிறார்கள். கொஞ்சம் காசுள்ளவர்கள் வீட்டையே தூக்குகிறார்கள். ஹரியானாவிலிருந்து ஆட்கள் வந்து, சுவருக்கு அடியில் வரிசையாக ஜாக்கி வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி, கீழே புதிதாகக் கட்டுமானம் எழுப்புகிறார்கள். பார்க்க அதிசயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ரோட்டைச் சுரண்டாமல் மிச்சம் பிடித்த பணத்தைப் போலப் பல மடங்கை, வாழ்நாள் சேமிப்பிலிருந்து ஒரு குடும்பம் கட்டுகிறது. தூக்க முடியாதவர் வீட்டில் கட்டில் காலுக்குச் செங்கல். அடுத்த முறை ரோடு போடும்போது தூக்கிய வீடும் பழையபடி பள்ளத்தில்தான்.

உங்கள் சங்கடமும் தெரியாமல் இல்லை. ரோடு ஒருவர் கையில், குடிநீர்க் குழாயும் சாக்கடையும் இன்னொருவர் கையில், மின்கேபிளும் இணையக் கேபிளும் வேறு யார் யாரோ கையில். ரோடு போட்ட சூடு ஆறுவதற்குள் ஒருவர் வெட்ட வருவார். பள்ளம் மூடப் பராமரிப்பு நிதியில் உடனே காசு கிடைக்கும், குழாய் மாற்ற மதிப்பீடு, அனுமதி, டெண்டர் என்று இழுக்கும். புகாரை ‘தீர்க்கப்பட்டது’ என்று முடித்தாக வேண்டிய நெருக்கடி வேறு. கொட்டுகிற மழையில் ஒரு பள்ளத்தில் யாராவது விழுந்து தொலைப்பார் என்றால் கிடைத்ததைப் போட்டு மூடுங்கள், அது சரிதான். அதைத் தற்காலிக வேலை என்று எழுதி வையுங்கள், புகாரை முடிக்காதீர்கள்.

நாங்கள் கேட்பது பெரிய திட்டம் எதுவும் இல்லை. ஒரே இடம் இரண்டாம் முறை உடைந்தால், கலவை அனுப்பும் முன் உதவிப் பொறியாளரும் குடிநீர், சாக்கடைப் பிரிவு ஆளும் சேர்ந்து அங்கே வந்து தோண்டிப் பார்க்கட்டும். உடைந்ததற்குக் காரணம் என்ன என்று பதிவேட்டில் ஒரு வரி இருக்கட்டும். கசிவு நின்ற பிறகு பள்ளத்தை மூடுங்கள். ரோடு போடும் முன் பழைய மட்டத்தையும் வாசற்படி மட்டத்தையும் அளந்து, தெருவில் இருப்பவர்கள் பார்க்கும்படி எழுதி வையுங்கள். தண்ணீர் ஓரத்துக்கு ஓட, ஒரு மீட்டர் அகலத்துக்கு 2 முதல் 2.5 சென்டிமீட்டர் சரிவு போதும். அந்த ஓரத்தில் வடிகாலின் வாய் ரோட்டு மட்டத்துக்குக் கீழே இருக்கிறதா என்பதையும் பாருங்கள். எங்கள் தெருவில் அது மேலே இருக்கிறது.

மழைக்கு முன் முதலில் அந்த முனையைத் தோண்டுங்கள். ஒரு வாரம் தெருவை அடைத்தாலும் பரவாயில்லை, சுற்றிப் போய்க்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வீட்டுவரி தவறாமல் கட்டும் தெருவாசி