டீன் மார்ட்டின் ஓடிப்போகவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய பாப் நட்சத்திரங்கள் மறுபடி ஒன்றுசேர்ந்து ஸ்விங் (பெரிய வாத்தியக் குழுவோடு பாடும் ஜாஸ் பாணி) கச்சேரி நடத்துவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அமெரிக்கப் பாடகர்கள் ஃபிராங்க் சினாட்ரா, டீன் மார்ட்டின், சாமி டேவிஸ் ஜூனியர் மூவரும் 1988-ல் கிளம்பிய சுற்றுப்பயணத்துக்கு அதில் ஒரு பத்தி ஒதுக்கியிருந்தீர்கள். மார்ட்டின் பாதியில் கழன்றுகொண்டார் என்றும், குடியும் சோம்பலும்தான் காரணம் என்ற தொனியிலும் அது முடிந்திருந்தது. அதை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

நான் பொன்மலை ரயில்வே காலனியில் வளர்ந்தவன். ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நிறைய இருந்த இடம். எங்கள் தெருவில் ஞாயிற்றுக்கிழமை என்றால் ஏதாவது ஒரு வீட்டில் இந்த மூவரில் ஒருவர் பாடிக்கொண்டிருப்பார். அந்தப் பழக்கத்தில் வந்த உரிமையோடுதான் எழுதுகிறேன்.

முதலில் தேதிகளைப் பாருங்கள். 1987 மார்ச் 21 அன்று மார்ட்டினின் மகன் டீன் பால் ஓட்டிப்போன எஃப்-4 ஃபேன்டம் போர் விமானம் கலிபோர்னியாவில் பனி மூடிய மலையில் மோதியது. அவருக்கு வயது 35. அறுபதுகளில் ‘டினோ, டெசி அண்ட் பில்லி’ என்ற குழுவில் பாடி, பையனாக இருந்தபோதே பாப் நட்சத்திரமாக ஆனவர் அவர். விமானம் விழுந்த இடத்தைக் கண்டுபிடிக்கவே சில நாட்கள் ஆயின. அதே வருடம் டிசம்பரில் மூன்று நண்பர்களும் லாஸ் ஏஞ்சல்ஸில் பத்திரிகையாளர்களைக் கூட்டிப் பயணத்தை அறிவித்தார்கள். துக்கத்தில் முடங்கிக் கிடந்த நண்பனை வீட்டைவிட்டு வெளியே கொண்டுவரத்தான் சினாட்ரா இதில் இறங்கினார் என்று சொல்வார்கள். நல்ல எண்ணம்தான், மறுக்கவில்லை. ஆனால் முதல் கச்சேரி ஓக்லண்டில் 1988 மார்ச் 13 அன்று. மகனின் முதல் நினைவு நாளுக்கு எட்டு நாள்தான் பாக்கி. எழுபது வயதுத் தகப்பன் அந்த வாரத்தில் மேடையேறிச் சிரிக்கவைக்க வேண்டும் என்று எதிர்பார்த்தவர்களைத்தான் நான் கேள்வி கேட்பேன்.

அன்றிரவு மார்ட்டின் எரிகிற சிகரெட்டைக் கூட்டத்துக்குள் சுண்டிவிட்டார் என்பது நடந்ததுதான். அது சரி என்று நான் வாதாட வரவில்லை. சுமார் ஒரு வாரத்தில் அவர் விலகினார். சிறுநீரகக் கோளாறு என்று வெளியே சொன்னார்கள். அவருடைய இடத்துக்குப் பாடகி லைசா மின்னெலி வந்தார். இதைத்தான் ‘கழன்றுகொண்டார்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டீர்கள். அதற்குப் பிறகு அவர் என்ன செய்தார் என்பதை எழுதவில்லை. லாஸ் வேகஸுக்குத் திரும்பி, பாலீஸ் ஹோட்டல் மேடையில் தொடர்ந்து பாடிக்கொண்டிருந்தார். பாட்டை வெறுத்தவர் அதைச் செய்ய மாட்டார்.

அந்தப் பயணம் அவருக்கு ஒத்துவராமல் போனதில் துக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதோடு இடமும் ஒத்துவரவில்லை என்பது என் கட்சி. இந்த மூவரின் கூட்டணி உருவான இடம் லாஸ் வேகஸ் சாண்ட்ஸ் ஹோட்டலின் கோப்பா ரூம். 1960 தொடக்கத்தில் பகலில் சினிமாப் படப்பிடிப்பு, இரவில் அங்கே கச்சேரி. சில நூறு பேர் மேசைகளைச் சுற்றி உட்கார்ந்து கேட்கிற அறை அது. ஓக்லண்டில் அவர்கள் ஏறியதோ கூடைப்பந்து அரங்கம். பத்தாயிரத்துக்கும் மேலானவர்கள் உட்காரும் இடம். சபாவில் கேட்கும் தனி ஆவர்த்தனத்தைக் கிரிக்கெட் மைதானத்துக்குக் கொண்டுபோன மாதிரி.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஸ்விங்கில் பாடகர் தாளத்தின் மேல் அப்படியே உட்கார மாட்டார். சொல்லை ஒரு இழை பின்னால் தள்ளி, பிறகு எட்டிப் பிடிப்பார். சினாட்ராவும் மார்ட்டினும் அதில் கைதேர்ந்தவர்கள். அந்தத் தள்ளல் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே அதிகம். ஒலி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகும். மேடையிலிருந்து 85 மீட்டர் தள்ளி ஒரு சுவர் இருந்தால், அதில் பட்டுத் திரும்பும் சத்தம் அரை நொடி கழித்து மேடைக்கு வந்து சேரும். நிமிடத்துக்கு 120 தாள அடி விழும் பாட்டில் அது சரியாக ஒரு அடி. அதாவது பாடகர் இரண்டாவது அடியில் நிற்கும்போது முதல் அடி அவர் காதில் வந்து விழுகிறது. எத்தனை ஸ்பீக்கர் வைத்தாலும், இந்தச் சுவர் வேலையைக் காட்டாமல் விடாது. நுணுக்கமாக விடப்பட்ட இடைவெளி அங்கே நசுங்கிப்போகும். நிமிடத்துக்கு ஒரு முறை முணுமுணுப்பாக ஒரு வார்த்தை சொல்லிக் கூட்டத்தைச் சிரிக்கவைக்கும் மார்ட்டினின் பாணி அங்கே எடுபட வழியே இல்லை.

சந்தேகம் இருந்தால் 1966-ல் அதே கோப்பா ரூமில் கவுண்ட் பேஸியின் ஜாஸ் குழுவோடு சினாட்ரா பாடியதைக் கேளுங்கள். பதிவு செய்து இசைத்தட்டாக வந்தது. இசை நடத்தியவர் குவின்சி ஜோன்ஸ். அதில் ஃப்ரெடி கிரீன் என்பவர் கிட்டார் வாசிக்கிறார். மின்சார இணைப்பு இல்லாத கிட்டார். தனியாக ஒரு சுரமும் காட்ட மாட்டார், அடிக்கு ஒரு மீட்டு, அவ்வளவுதான். டிரம்பெட்டும் டிராம்போனும் முழங்கும்போது அது காதில் விழுவதே அரிது. அப்புறம் அந்தப் பித்தளை வாத்தியங்கள் அடங்கும் ஒரு நொடியில் மெலிதாக அந்த ‘சக், சக்’ வரும். மொத்தக் குழுவும் இவ்வளவு நேரம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்திருக்கிறது என்பது அப்போதுதான் புரியும். நான் அந்தத் தட்டைத் திரும்பத் திரும்பப் போடுவதே இதற்காகத்தான். கூடைப்பந்து அரங்கத்தின் கடைசி வரிசைக்கு இதெல்லாம் போய்ச் சேருமா?

லைசா வந்த பிறகு நடந்த கச்சேரியைத் தொலைக்காட்சிக்காகப் படம் பிடித்தபோது அவர்கள் போனது டெட்ராய்ட் ஃபாக்ஸ் தியேட்டருக்கு. 1928-ல் கட்டிய திரையரங்கு, ஐயாயிரம் பேர் அளவு. இடுப்பில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட சாமி டேவிஸ் அதில் எப்படி நிற்கிறார், எப்படித் திரும்புகிறார் என்பதைப் பார்த்தால் கண் கலங்கும். அடுத்த வருடமே அவருக்குத் தொண்டைப் புற்றுநோய். 1990 மே மாதம் போய்விட்டார்.

‘டேக் தட்’ என்ற பிரிட்டிஷ் பாப் குழுவில் இருந்த ராபி வில்லியம்ஸ் 2001-ல் ஸ்விங் பாட வந்தபோது, கால்பந்து மைதானங்களை நிரப்பக்கூடியவராக இருந்தும் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலைத்தான் எடுத்தார். அதுவும் எதிரொலிக்குப் பேர்போன வட்ட மண்டபம்தான். அதை அடக்குவதற்கென்றே 1969-ல் கூரையிலிருந்து காளான் வடிவத் தட்டுகளைத் தொங்கவிட்டார்கள். ராபியின் குரல் சினாட்ராவுக்குப் பக்கத்தில் வராது என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் நிஜமான வாத்தியக் குழுவை முதுகுக்குப் பின்னால் நிறுத்தி, அதற்குத் தகுந்த மண்டபத்தில் பாடினார். அந்த மரியாதை எனக்குப் பிடித்தது.

உங்கள் கட்டுரை பாடகர்களின் வயது, உடை, பழைய சண்டை, டிக்கெட் விலை என்று எல்லாம் சொன்னது. எத்தனை பேர் வாசித்தார்கள், பின்னணி இசை பதிவு செய்ததா நேரடியா, மண்டபம் எவ்வளவு பெரியது என்று ஒரு வரி இல்லை. ஸ்விங் கச்சேரிக்கு டிக்கெட் வாங்க நினைக்கும் வாசகர் முதலில் கேட்க வேண்டியவை இவைதான். அடுத்த முறை எழுதும்போது சேர்த்துக்கொள்ளுங்கள். மார்ட்டின் விஷயத்தில், அவர் மகன் இறந்த தேதியையும் ஓக்லண்ட் கச்சேரியின் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு சிறு திருத்தம் அடுத்த இதழிலேயே வெளியிட்டால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
வாசகர்,
பொன்மலை, திருச்சி