குற்றம் சாட்டப்பட்டவர் பேசும் முன்பே மணி அடிக்கிறது

மதிப்புக்குரிய பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் போன சனிக்கிழமை தமிழ் வகுப்பில் நடந்தது உங்கள் காதுக்கும் வந்திருக்கும். கிரேட் 10 பிள்ளைகள் நடித்துப் பழகும் மாதிரி நீதிமன்ற விசாரணையில் அரசுத் தரப்பின் இரண்டாவது சாட்சி கூண்டில் நிற்கும்போதே மணி அடித்துவிட்டது. குற்றம் சாட்டப்பட்டவராக உட்கார்ந்திருந்த மாணவி வாயே திறக்கவில்லை. அடுத்த வகுப்பு வாசலில் காத்திருந்ததால், கை தூக்கச் சொல்லித் தீர்ப்பை முடித்தார்கள்: குற்றவாளி. ஒரு தரப்பை மட்டும் கேட்டுத் தண்டிக்கலாம் என்பதுதான் பிள்ளைகள் அன்று படித்த சட்டம்.

நாங்கள் கேட்பது, இடைவெளி இல்லாத இரண்டு பீரியட், 90 நிமிடம். கணக்கு இதுதான். குற்றச்சாட்டை வாசித்துப் பதில் கேட்க 5 நிமிடம். சாட்சி ஒருவருக்கு முதல் விசாரணை 6, குறுக்கு விசாரணை 6, மறு விசாரணை 2. நான்கு பேருக்கு 56. இரு தரப்பு வாதம் 8. மாஜிஸ்திரேட்டும், அவருக்குத் துணையாக உட்காரும் இரண்டு அசெசர்களும் கலந்து பேசிக் காரணத்தோடு தீர்ப்புச் சொல்ல 12. மிச்சம் 9 நிமிடம் இடம் மாறவே சரியாகிவிடும். 45 நிமிடத்தில் எதை வெட்டுவது?

வழக்கு எளியதுதான். கடையில் ஒரு செல்பேசி காணாமல் போய், அந்த மாணவியின் பையில் கிடைக்கிறது. அவளுடையதும் அதே மாதிரி, அதே கறுப்பு உறை. எடுத்தாள் என்பதில் சண்டையே இல்லை. பிறர் பொருள் என்று தெரிந்து, திருப்பித் தராத எண்ணத்தோடு எடுத்தாளா என்பதுதான் கேள்வி. அந்த எண்ணம் இல்லையென்றால் திருட்டு இல்லை. அதை நியாயமான ஐயத்துக்கு இடமின்றி நிரூபிப்பது அரசுத் தரப்பின் பொறுப்பு. "இரண்டு போனையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தீர்களா?" என்று போலீஸ்காரரைக் குறுக்கு விசாரணையில் கேட்கும்போதுதான் இது பிள்ளைகளுக்கு உறைக்கும். அந்தக் கேள்விக்கு முன்பே மணி அடித்துவிட்டது.

நீங்கள் அனுப்பிய கையேட்டில் தீர்ப்புச் சொல்ல 12 பொதுமக்கள் கொண்ட ஜூரி வேறு. இந்த நாட்டில் ஜூரி முறை 1969-லேயே ஒழிந்துவிட்டது. மொழிபெயர்ப்பாளருக்கோ இடமே இல்லை. புரியும் மொழியில் விசாரணை, முடியாவிட்டால் மொழிபெயர்ப்பு என்பது அரசியல் சட்டத்தின் 35-ஆவது பிரிவு தரும் உரிமை. கரும்புத் தோட்டத்தில் வேலைக்கு வராததே குற்றம் என்று அன்றைய நேட்டால் (டர்பன் இருக்கும் பகுதி) நீதிமன்றங்களில் நிறுத்தப்பட்ட ஒப்பந்தக் கூலிகளின் வழிவந்த பிள்ளைகள் இவர்கள். ஒரு சாட்சியாவது தமிழில் பேசி, அதை இன்னொரு மாணவர் ஆங்கிலத்தில் சொல்லட்டும். அதற்கும் நேரம் வேண்டும்.

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்தருளுங்கள். அடுத்த பருவ அட்டவணை அச்சுக்குப் போகும் முன், தொடர்ச்சியாக இரண்டு பீரியட் ஒதுக்கித் தர வேண்டுகிறோம். முதல் நாளே, பாதியில் நின்ற அந்த வழக்கை மறுபடி எடுத்து, அந்த மாணவியின் தரப்பைக் கேட்க விரும்புகிறோம்.

இப்படிக்கு,
சனிக்கிழமை வகுப்பு ஆசிரியர்கள்