சூரியன் மறையும்வரை

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் எழுத உட்கார்ந்தபோதெல்லாம் ஏதாவது ஒரு வேலை குறுக்கே வந்தது. இன்று மகள் தூங்கிவிட்டாள், அவரும் படுத்துவிட்டார், மாதக் கடைசிக் கணக்கும் மாலையோடு முடிந்துவிட்டது. "இன்னுமா வீடியோ கேம் ஆடுகிறாய்?" என்று கேட்டிருந்தாய். ஆடுகிறேன். ஆனால் கல்லூரி நாட்களில் பொழுது விடிவது தெரியாமல் நாம் ஆடிய ஆட்டத்துக்கும் இப்போதைய ஆட்டத்துக்கும் வெகுதூரம்.

மகள் பிறந்த பிறகு, எந்த விளையாட்டு நன்றாக இருக்கும் என்று நான் யோசிப்பதில்லை; எந்த விளையாட்டு என்னை எழுந்துபோக விடும் என்றுதான் பார்ப்பேன். முன்பெல்லாம் ஒரு குறிப்பிட்ட இடத்தை எட்டினால்தான் சேவ் செய்ய முடியும். அதற்குமுன் எழுந்தால் அதுவரை ஆடியது வீண். 2017-இல் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற கையடக்க விளையாட்டுக் கருவி அந்த வகையில் எனக்குப் பெரிய உதவி செய்தது. ஒரு பொத்தானை அழுத்தினால், ஆட்டம் எந்த நொடியில் இருந்ததோ அந்த நொடியிலேயே உறங்கிவிடும். தொட்டிலிலிருந்து அழுகுரல் கேட்டதும் அதை மெத்தையில் வைத்துவிட்டு ஓடுவேன். இரண்டு நாள் கழித்து எடுத்தாலும், தாவிக்கொண்டிருந்த உருவம் அதே இடத்தில் அந்தரத்தில் காத்திருக்கும்.

இவ்வளவு தெரிந்த நான்தான் சென்ற மாதம் ஒரு தவறு செய்தேன். அதைச் சொல்லத்தான் முக்கியமாக இந்தக் கடிதம். மகளுக்கு இப்போது ஒன்பது வயது. அவளும் அவளுடைய பெரியப்பா மகளும் அவரவர் வீட்டிலிருந்தபடியே, தோண்டியும் கட்டியும் ஆடும் மைன்கிராஃப்ட் என்ற விளையாட்டில் ஒரே உலகத்தில் ஆடுகிறார்கள். அன்று ஒரு மணி நேரம் என்று சொல்லியிருந்தேன். நேரம் முடிந்தது, கூப்பிட்டேன், "இரும்மா, குகைக்குள்ளே இருக்கோம்" என்றாள். மூன்றாவது முறையும் அதே பதில் வரவே, எழுந்துபோய்த் திரையை அணைத்துவிட்டேன். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. வெகுநேரம் கழித்து, சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்: அக்காவுக்கு வழி தெரியாதாம், தீப்பந்தங்கள் எல்லாம் இவளிடம்தான் இருந்தனவாம், வெளியே கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்திருந்தாளாம். அந்தப் பெண் இருட்டில் அரக்கர்களிடம் சிக்கிச் செத்துவிட்டாள். அந்த விளையாட்டில் செத்தால் கையிலிருந்ததெல்லாம் தரையில் சிதறும்; ஐந்து நிமிடத்துக்குள் போய் எடுக்காவிட்டால் மறைந்துவிடும். இருவரும் ஒரு வாரமாகத் தோண்டிச் சேர்த்தது அத்தோடு போயிற்று. மகளுக்கு அந்தப் பொருட்கள் போனதில் வருத்தமில்லை. நடுவழியில் விட்டுவிட்டு வந்தவள் என்ற பெயர் தனக்கு வந்துவிட்டதே என்றுதான் அழுதாள். விளையாட்டைப் பற்றி ஒன்றும் அறியாத ஒருவர் அப்படி அணைத்திருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். அறிந்த நான் செய்ததை என்னால் லேசில் மறக்க முடியவில்லை.

மறுநாள் அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, கடிகாரத்தை ஒதுக்கி வேறோர் அளவை வைத்துக்கொண்டோம். மைன்கிராஃப்டில் ஒரு பகலும் இரவும் சேர்ந்து நம் கணக்கில் 20 நிமிடம்; அதில் வெளிச்சம் ஏறக்குறைய பாதி நேரம் இருக்கும். ஆகவே "நாற்பது நிமிடம்" என்பதற்குப் பதில் "இரண்டு முறை சூரியன் மறையும்வரை" என்று பேசிக்கொண்டோம். அந்தி மங்கத் தொடங்கினால் வீடு திரும்ப வேண்டும் என்பது அந்த உலகத்திலேயே உள்ள நியாயம். வெளியே நின்றால் ஆபத்து. நான் சொல்லி அவள் நிறுத்துவதாக இல்லாமல், மேற்கே வானம் சிவப்பதைப் பார்த்து அவளே "அக்கா, கிளம்பலாம்" என்கிறாள். இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. இருவரும் படுக்கையில் படுத்துவிட்டால் இரவு சட்டென்று கடந்து விடிந்துவிடும், அதனால் அவர்களுக்குக் கிடைக்கும் நேரம் குறையும். அதைக் கண்டுபிடித்ததும் படுக்காமல் விழித்திருந்து, இரவெல்லாம் வீட்டுக்குள் அடுப்பு மூட்டி இரும்பு உருக்கி, பெட்டிகளை அடுக்குகிறார்கள். அதை நான் தடுக்கவில்லை.

எல்லா விளையாட்டிலும் சூரியன் மறையாது என்பதுதான் சிக்கல். மேலிருந்து விழும் வடிவங்களை அடுக்கி நாம் ஆடிய டெட்ரிஸை நினைத்துப் பார். 1984-இல் உருவானது, ஏழே ஏழு வடிவங்கள், அதற்கு முடிவென்று ஒன்று இருந்தால் அது தோற்பது மட்டுமே. ஆனாலும் அது நேர்மையான விளையாட்டு, தோற்றதும் நம்மை விட்டுவிடும். கைபேசியில் வரும் சிலவற்றின் மேல்தான் எனக்குக் கோபம். தினமும் வந்தால் பரிசு, ஒரு நாள் தவறினால் தொடர்ச்சி அறுந்துவிடும் என்ற பயமுறுத்தல், போதாததற்கு உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமலே காசு கொடுத்துத் திறக்க வேண்டிய பெட்டிகள். 2018-இல் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் சில விளையாட்டுகளில் இருந்த இத்தகைய பெட்டிகளை ஆராய்ந்து, அவை சட்டத்துக்குப் புறம்பான சூதாட்டமே என்று முடிவு சொன்னது. அதை மகளுக்கு விளக்க, பத்துத் துண்டுச் சீட்டு எழுதி ஒன்றில் மட்டும் நட்சத்திரம் போட்டுக் குலுக்கச் சொன்னேன். ஒவ்வொரு சீட்டுக்கும் அவளுடைய வண்ணப் பென்சில் ஒன்று எனக்கு. ஆறாவது பென்சிலைக் கொடுத்ததும் தானே நிறுத்திக்கொண்டு, அப்படிப் பெட்டிகள் வரும் விளையாட்டைக் கைபேசியிலிருந்து எடுத்துவிடச் சொன்னாள்.

அவருக்கு விளையாட்டில் பழக்கமில்லை. கவலை மட்டும் உண்டு. விளையாட்டு அடிமைத்தனம் ஒரு நோய் என்று எங்கோ படித்துவிட்டு வந்து கேட்டார். நியாயமான கேள்விதான் என்று சேர்ந்து படித்தோம். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்று, 2022 முதல் நடைமுறைக்கு வந்த நோய் வகைப்பாட்டில் அது இடம்பெற்றிருக்கிறது. ஆட்டத்தைத் தன்னால் கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட அதற்கே முதலிடம் தருவது, கெடுதல் நேர்ந்தும் தொடர்வது ஆகிய மூன்றும் வாழ்க்கையைப் பெரிதும் பாதிக்கும் அளவுக்கு, பொதுவாக 12 மாதமாவது நீடித்தால்தான் அந்தப் பெயர். மகளுக்கு இது பொருந்தாது என்று அவர் ஆறுதல் அடைந்தார். நானோ என்னைத்தான் அந்த மூன்றிலும் வைத்துப் பார்த்தேன். குழந்தை பிறந்து வேலைக்குத் திரும்பிய முதல் சில மாதங்களில், எல்லோரும் தூங்கிய பிறகு இரண்டு மணிவரை ஆடி, மறுநாள் தலைவலியோடு அலுவலகம் போனது உனக்குத் தெரியும். அது நோய் இல்லை. ஆனால் நாள் முழுவதும் எனக்கென்று ஒரு பொழுதும் இல்லாமல் போனதை, என் தூக்கத்தை வெட்டி ஈடுகட்டினேன். அவரிடம் அதை இப்போதுதான் வாய்விட்டுச் சொன்னேன். அன்றிலிருந்து சனிக்கிழமை இரவு இரண்டு மணி நேரம் எனக்கு. வீட்டில் யார் எதற்குக் கூப்பிட்டாலும் அவர் போகிறார்.

வேலைக்கும் ஓர் அந்தியைக் கண்டுபிடிக்க முயல்கிறேன். வீட்டிலிருந்து கணக்குப் பார்ப்பதால் மடிக்கணினி எந்நேரமும் திறந்தே கிடந்தது. மகள் கூப்பிட்டால் "இதோ, இந்த வரிசை மட்டும்" என்பேன், அவள் "குகைக்குள்ளே இருக்கோம்" என்றது போலவே. இப்போது ஆறு மணி ஆனதும், நாளை எந்த வரிசையில் தொடங்க வேண்டும், எந்தத் தொகை இன்னும் ஒத்துப்போகவில்லை என்று ஒரு துண்டுத்தாளில் குறித்து விசைப்பலகையின் மேல் வைத்து மூடிவிடுகிறேன். மகள் அதை "அம்மா சேவ் பண்ணியாச்சு" என்கிறாள். சில நாட்களில் முடிவதில்லை; மாதக் கடைசியில் சுத்தமாக முடிவதில்லை.

நீ எப்போது வருகிறாய்? நகரம் கட்டிப் போரிடும் விளையாட்டாக நாம் ஆடிய ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் இரண்டாம் பாகத்தை, முதலில் வந்து 20 ஆண்டுகள் கழித்து, 2019-இல் புதுப்பித்து வெளியிட்டார்கள். தொடக்கம் மாறவில்லை: ஒரு நகர மையம், மூன்று கிராமத்தார், வழி பார்க்க ஒரு குதிரைவீரன். நீ முதல் வேலையாக ஆடுகளைத் தேடி ஓட்டிவருவாய், நான் மரம் வெட்ட ஆள் அனுப்பிவிட்டு உன் ஆடுகளுக்காகக் காத்திருப்பேன். ஓர் ஆட்டம் ஒரு மணி நேரத்தை எளிதில் தாண்டும் என்பதால் என் சனிக்கிழமைக்குச் சரியாக இருக்கும். நேரில் வர இயலாவிட்டால் உன் வீட்டிலிருந்தே ஆடலாம். மகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டுமா என்று கேட்கிறாள். ஒன்பது மணிவரை என்று சொல்லியிருக்கிறேன். எந்தச் சனிக்கிழமை என்று மட்டும் எழுது.

உன் அன்புத் தோழி