மழை பெய்ததா என்று கேட்டாய்

பாலக்கோடு,
புரட்டாசி 13

அன்பு மகள் தேன்மொழிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நானும் உன் அம்மாவும் நலம். அவளுடைய முழங்கால் வலி முன்போலவே இருக்கிறது. அதை எழுத வேண்டாம் என்கிறாள். இந்தக் கடிதத்தை உன் அலுவலக முகவரிக்கு அனுப்புகிறேன். ஆவணியில் வீட்டு முகவரிக்கு அனுப்பிய ராகி மாவும் புளியும், அந்த முகவரியில் ஆள் இல்லை என்ற குறிப்போடு திரும்பி வந்துவிட்டன. மாடிப்படி ஏறச் சோம்பிக் கூரியர்காரர்கள் சில வேளைகளில் இப்படி எழுதிவிடுவதுண்டு என்று உன் அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் தொலைபேசியில் நீ என்னிடம் கேட்பது ஒன்றுதான். மழை பெய்ததா அப்பா என்கிறாய். இல்லை என்கிறேன். அம்மாவிடம் கொடுங்கள் என்கிறாய். ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிற அந்தப் பேச்சில் இந்த மாதத்தின் வறட்சியைச் சொல்லி முடிக்க இயலாது. நீ கேட்பது மழையைப் பற்றி என்பதால் நானும் மழையைப் பற்றியே எழுதுகிறேன்.

பொன்னுருகக் காய்ந்து மண்ணுருகப் பெய்யும் புரட்டாசி என்பார்கள். இந்த ஆண்டு அது முதல் பாதியோடு நின்றுவிட்டது. காலை ஒன்பது மணிக்கே களத்துமேட்டில் வெறுங்காலோடு நிற்க முடியவில்லை. தஞ்சாவூர்க்காரர்களும் சென்னைக்காரர்களும் ஐப்பசியை எதிர்பார்த்திருப்பார்கள், நமக்கு அப்படியன்று. தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் ஏறக்குறைய சமபங்காக மழை கொடுப்பவை. அதிலும் ஆவணி, புரட்டாசியில் பகலெல்லாம் காய்ந்து, மாலையில் மேற்கே கறுத்து, இடியோடு இறங்குகிற மழைதான் மானாவாரி நிலத்துக்கு உயிர். இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். முப்பது ஆண்டுகள் கரும்பலகைக்கு முன்னால் நின்றவனுக்குச் சொல்லாமல் இருக்க முடிவதில்லை.

இந்த மாதம் அந்த மாலை மழை ஏன் வரவில்லை என்றால், காற்று ஓயவில்லை. மேற்குக் காற்று தளர்ந்தால்தான் பகல் வெப்பத்தில் மேகம் செங்குத்தாக எழும்பி நிற்கும். வங்கக்கடலில் தாழ்வுப் பகுதிகள் உருவாகி ஒடிசா பக்கம் போகும்போது மழை வடக்கே இழுக்கப்படுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஈரத்தை இறக்கி வைத்துவிட்ட வறண்ட காற்றுதான் நமக்கு மிஞ்சுகிறது. தினமும் மூன்று மணிக்கு மேகம் கூடுகிறது; ஐந்து மணிக்குள் கலைந்துவிடுகிறது. நம் முற்றத்து மழைமானியில் இந்தச் செப்டம்பர் முழுவதும் இரண்டு நாள் மட்டுமே ஈரம் கண்டேன். அவற்றில் ஒன்று 2.5 மில்லிமீட்டருக்கும் குறைவு. வானிலைத் துறையின் கணக்கில் அதற்கு மழை நாள் என்ற பெயர்கூடக் கிடையாது. ஆயினும் காலை எட்டரை மணிக்கு எட்டிப் பார்த்து, நோட்டில் தேதியிட்டுச் சுழியம் எழுதுவதை நான் நிறுத்தவில்லை. ஏழாம் வகுப்பில் அறிவியல் கண்காட்சிக்காக நீ புனலும் பாட்டிலும் வைத்துச் செய்த மானியில் தொடங்கிய நோட்டு அது. முதல் நான்கு மாதங்கள் உன் கையெழுத்தில் இருக்கின்றன. என் கையெழுத்தைவிட அதுவே திருத்தமாக இருக்கிறது. கடத்தூர் சித்தப்பா வந்திருந்தபோது எடுத்துக் காட்டினேன்.

ராகி கதிர் வெளிவருகிற தருணத்தில் நிற்கிறது. இப்போது ஒரு மழை கிடைத்தால் பாதியாவது தேறும்; கிடைக்காவிட்டால் கதிர் பதராகி, மாட்டுக்குத் தாள் மட்டும் மிஞ்சும். ராகிக்குள் சால் விட்ட அவரையும் துவரையும் தாக்குப்பிடித்து நிற்கின்றன. மேட்டுக் கொல்லையில் நிலக்கடலைக்கு விழுது இறங்கும் பருவம். மண் கல்லாக இறுகிக் கிடப்பதால் விழுது உள்ளே போக வழியில்லாமல் நுனி கருகித் தொங்குகிறது. கொள்ளாவது விதைக்கலாம் என்றால் அதற்கும் ஓர் உழவுக்கான ஈரம் வேண்டும். மாமரங்களைப் பற்றி மட்டும் கவலை இல்லை. இப்போது சற்றுக் காய்ந்தால் தையில் பூ நன்றாகப் பிடிக்கும் என்று தோட்டக்காரர்கள் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது சரிதான், ஆனால் ராகி விதைத்தவன் காதில் அதைச் சொல்லக் கூடாது.

கிணற்றில் பதினோராவது படி தெரிகிறது. பக்கத்துக் காட்டுக்காரர் ஆயிரத்து இருநூறு அடி போர் போட்டார். கடைசிவரை புகைதான் வந்தது. நாம் போட வேண்டாம் என்று நீ சென்ற ஆண்டே சொன்னாய். அப்போது உன்மேல் எனக்குக் கோபம் இருந்தது. மாதச் சம்பளம் வாங்குகிறவளுக்கு வெள்ளாமையைப் பற்றி என்ன தெரியும் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். நீ சொன்னதே சரி. ஆனால் அதை ஒரு வரியில் சொல்லிவிட்டு, நான் மறுத்துப் பேசத் தொடங்கியவுடன், சரி அப்பா உங்கள் விருப்பம் என்று முடித்துவிட்டாய். நீ எப்போதும் அப்படித்தான். இன்னும் ஒருமுறை வாதாடியிருந்தால் என்ன?

வேடிக்கை என்னவென்றால், நமக்கு ஒரு துளி இல்லாத இதே மாதத்தில் ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டத் தடை விதிக்கும் அளவுக்கு வெள்ளம் வந்தது. குடகிலும் வயநாட்டிலும் பெய்தது கபினி, கிருஷ்ணராஜசாகர் வழியாக இறங்கி, பிலிகுண்டுலுவைத் தாண்டி, நம் மாவட்டத்தின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு மேட்டூருக்குப் போய்விடுகிறது. நம் கொல்லை உயரத்தில் இருக்கிறது; ஆறு பள்ளத்தில் ஓடுகிறது. தென்பெண்ணையும் அப்படித்தான். நந்தி மலையில் பிறந்து, உங்கள் ஊரின் கழிவையெல்லாம் வாங்கிக்கொண்டு, ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணையில் நுரையாகப் பொங்குகிறது. செய்தியில் அந்த நுரையைக் காட்டும்போதெல்லாம், பெங்களூருவில் மழை பெய்திருக்கிறது, நீ குடை எடுத்துப் போனாயோ இல்லையோ என்று உன் அம்மா சொல்வாள். உன்னிடமிருந்து எங்களுக்குக் கேட்காமல் வந்து சேரும் செய்தி அது ஒன்றுதான்.

தண்ணீர் விஷயத்தில் எச்சரிக்கையாக இரு. போர்த் தண்ணீரை அப்படியே குடிக்காதே. காய்ச்சினால் கிருமி சாகும். ஃபுளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருவதற்கு முன்பு நம் பிள்ளைகளின் பற்கள் எப்படிப் பழுப்பேறிக் கிடந்தன என்பதை நீ வகுப்பிலேயே பார்த்திருக்கிறாய். உனக்கு எட்டு வயது முடியும்வரை கூரையில் பிடித்த மழைநீரை மட்டுமே குடிக்கக் கொடுத்தோம். தொட்டி வற்றிய கோடைகளில் பாப்பாரப்பட்டிச் சாலைக் கிணற்றிலிருந்து சைக்கிளில் குடம் கட்டிக் கொண்டுவந்தேன். உன் சிரிப்பில் ஒரு கறை இல்லை என்பதில் எனக்கு இன்றைக்கும் பெருமை உண்டு. பொங்கலுக்கு வந்தபோது எடுத்த படத்தில் ஏனோ வாயை மூடிக்கொண்டே நிற்கிறாய்.

இரவிலேயே தொட்டியில் நீர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள். காலையில் பார்க்கலாம் என்று விடாதே. 2024 கோடையில் உங்கள் ஊரில் போர்களெல்லாம் வற்றி, லாரித் தண்ணீருக்கு எல்லாரும் அலைந்தபோது, குடங்களை மூன்று மாடி நானே தூக்கினேன் என்று வாய்தவறி ஒருமுறை சொன்னாய். இரண்டு பேர் இருக்கும் வீட்டில் ஒருவரே ஏன் தூக்க வேண்டும் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. தோன்றியது, கேட்கவில்லை. மாப்பிள்ளைக்கு வேலை மிகுதி என்று நினைத்துக்கொண்டேன். எப்படியிருந்தாலும் இரவிலேயே தொட்டியைப் பார்த்துக்கொள்.

சென்ற வாரம் ஊர்ப் பெண்கள் மழைச்சோறு எடுத்தார்கள். உன் அம்மாவும் வேண்டாம் என்று சொல்லச் சொல்லப் போனாள். வீடு வீடாகச் சென்று உப்பில்லாத சோற்றை வாங்கி, ஒரே பானையில் கொட்டிப் பிசைந்து, ஏரிக்கரையில் எல்லாரும் உட்கார்ந்து உண்டு, பஞ்சம் பிழைக்கப் போகிறோம் என்று சொல்லி அழ வேண்டும். அதைக் கேட்டு வானம் இரங்கும் என்பது நம்பிக்கை. அறிவியல் ஆசிரியர் வீட்டுப் பெண் இதற்கெல்லாம் போகலாமா என்று கேலி செய்ய நினைத்துக் கரைக்குப் போனேன். மற்றப் பெண்கள் அழுது முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, ஆட்டைப் பற்றியும் நூறு நாள் வேலைக் கூலியைப் பற்றியும் பேசத் தொடங்கிவிட்டார்கள். உன் அம்மா மட்டும் நிறுத்தவில்லை. அரூர் பெரியம்மா அவளை எழுப்பி அழைத்து வந்தாள். வழியில் நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளும் ஒன்றும் சொல்லவில்லை. அது மழைக்காக வந்த அழுகை அன்று என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது.

அன்று இரவு உறக்கம் வராமல் பழைய நோட்டுகளை எடுத்துப் புரட்டினேன். 2016இல் வந்து நின்றேன். அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டுக்கு இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. அடுத்த ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது. ஐப்பசி, கார்த்திகைப் பக்கங்களில் சுழியங்கள்தான் வரிசையாக நிற்கின்றன. டிசம்பர் 12இல் வர்தா புயல் சென்னையைக் கடந்தது. அது வலுவிழந்து மேற்கே நகர்ந்தபோது நம் பக்கமும் தூறியது. மார்கழி பிறப்பதற்குள் பெண் பார்த்துவிட வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் வந்தது அந்தப் புதன்கிழமை. அந்தத் தேதிக்கு எதிரே 4 மில்லிமீட்டர் என்று எழுதி, பக்கத்தில் நல்ல சகுனம் என்றும் எழுதியிருக்கிறேன். வானிலை நோட்டில் அப்படி ஒரு சொல்லை வேறெங்கும் நான் எழுதியதில்லை.

அதில் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. அவர்கள் வருவதற்கு முன்பு, நான் மழைமானியின் அருகில் குனிந்து நின்றபோது நீ பின்னால் வந்து, இப்போது வேண்டாம் அப்பா என்றாய். ஒரே ஒருமுறை, மெல்லிய குரலில் சொன்னாய். எனக்கு நன்றாகக் கேட்டது. கேட்காதவன் போல அளவியைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, நான்கா, நான்கரையா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீ சிறிது நேரம் நின்றுவிட்டு உள்ளே போய்விட்டாய். அடுத்த ஆண்டும் மழை பொய்த்தால் கையில் இருப்பதும் கரைந்துவிடும், பிறகு உனக்கு எதுவும் செய்ய முடியாமல் போய்விடும் என்று அஞ்சினேன். வறட்சிக்கு அஞ்சித்தான் அவசரப்பட்டேன். அந்த அச்சத்தை உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லாமல், நீ சொன்னதை 2.5 மில்லிமீட்டருக்குக் குறைந்த தூறலைப் போலக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டேன். இன்னொருமுறை நீ வாதாடியிருக்கலாம் என்று மேலே எழுதியிருக்கிறேன். அந்த வரியை அடித்துவிட நினைத்தேன். எழுதியவன் யார் என்று உனக்குத் தெரியட்டும் என்று அப்படியே விட்டிருக்கிறேன்.

நான் எதையும் உன்னிடம் கேட்கவில்லை. ஊரில் யாரும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன். தெற்குப் பக்கத்து அறையை வெள்ளையடித்து வைத்திருக்கிறோம், அது வருடாந்தர வேலைதான். ஓசூர் வரை எத்தனையோ பேருந்துகள். அங்கிருந்து ராயக்கோட்டை வழியாக வந்தால் மூன்று மணி நேரத்துக்குள் வீட்டில் இருக்கலாம். இரவில் புறப்பட வேண்டாம். புறப்பட்டால் எந்த நேரமானாலும் சொல், பேருந்து நிலையத்துக்கு வருகிறேன்.

இன்று மாலை மேற்கே சற்று நேரம் கறுத்தது. காற்று ஏழு மணிக்கே அடங்கிவிட்டது. இந்த மாதத்தில் இதுவே முதல் முறை. நாளைக் காலை எட்டரை மணிக்கு வழக்கம்போல் பார்ப்பேன். வரும் ஞாயிற்றுக்கிழமையும் நீ மழை பெய்ததா என்றுதான் கேட்பாய். நான் என்ன பதில் சொன்னாலும், உடனே அம்மாவிடம் கொடுங்கள் என்று சொல்லிவிடாதே.

அன்புடன்,
அப்பா

பி.கு.: திரும்பி வந்த ராகி மாவில் வண்டு விழவில்லை; உன் அம்மா வெயிலில் காயவைத்துச் சலித்து மறுபடி கட்டிவிட்டாள். இந்த வெயிலால் அந்த ஒரு பயன் இருந்தது. எந்த முகவரிக்கு அனுப்புவது என்பதை மட்டும் எழுது. தொட்டியை இரவிலேயே பார்த்துக்கொள்.