நமது வேட்டைப் பறவையாளர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வராதவர்களுக்கும் வணக்கம்.

இது இறகு உதிரும் பருவம். வேட்டைக்குப் பழக்கிய நம் பறவைகளைப் பறக்கவிடாமல், வயிறாரத் தீனி போட்டு ஓய்வில் வைத்திருக்கிறோம். வேட்டைக்குப் போகிறேன் என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது என்பதால்தான் ஆண்டுக் கூட்டத்தை இப்போது வைக்கிறோம். அப்படியும் பாதி நாற்காலி காலி.

மாதக் கூட்டங்கள் 10 நடந்தன. பறவையின் கண்ணை மறைக்கும் தலைக்குல்லா தைக்கும் பட்டறை ஒன்று நடந்தது. தோல் மிச்சம் இருக்கிறது. பைரி (பெரக்ரின் ஃபால்கன்) பற்றிய உரைக்கு ஏழு பேர் வந்தார்கள். டிடிடி பூச்சிக்கொல்லியால் முட்டை ஓடு மெலிந்து, அழிவின் விளிம்புக்குப் போன பறவை அது. கூண்டில் குஞ்சு பொரிக்க வைத்து அதை மீட்டெடுத்ததில் நம்மைப் போன்ற பறவையாளர்களின் பங்கு பெரிது. 1999இல் அமெரிக்கா அதை அழிவாபத்துப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. அந்தக் கதையைக் கேட்க ஏழு பேர்.

இனி புதியவர் வகுப்பு. இது என் யோசனை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், தலைவர் கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம்.

வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, "பறவை எங்கே கிடைக்கும்?" அதைக் கடைசியில்தான் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. முதலில் சட்டம். பல நாடுகளில் உரிமம் வேண்டும், சில நாடுகளில் அறவே கூடாது. அப்புறம் ஒரு பருவம் முழுக்க அனுபவசாலி ஒருவர் பின்னால் நடந்து, இரையைக் கிளப்பப் புதர் தட்டி, பை சுமக்க வேண்டும். அதற்கும் அப்புறம் கூண்டறை, தோல் கையுறை, கிராம் பிசகாத தராசு. பறவை எல்லாவற்றுக்கும் பிறகு.

11 பேர் சேர்ந்தார்கள். கையில் பருந்தோடு படம் எடுத்துக்கொண்ட வாரத்தோடு ஐந்து பேர் நின்றுவிட்டார்கள். இன்னொருவர் சொல்லச் சொல்லக் கேட்காமல் கெஸ்ட்ரல் என்ற குட்டி வல்லூறு வாங்கினார். சின்னப் பறவை, சுலபம் என்று நினைப்பு. நேர்மாறு! உடம்பே நூறு சொச்சம் கிராம். அதில் சில கிராம் தவறினால் ஒரே நாளில் உயிர் போகும். போனது. ஹாரிஸ் பருந்து புதியவர்களின் தப்பைக் கொஞ்சம் பொறுக்கும். காட்டிலேயே கூட்டமாக வேட்டையாடும் இனம், அதனால் மனிதரோடும் சேர்ந்து வேலை செய்யப் பழகிவிடுகிறது.

மிச்சமுள்ள ஐவருக்கும் எடைப் புத்தகம் கொடுத்திருக்கிறேன். தினம் ஒரே நேரத்தில் எடை, போட்ட தீனி, முந்தைய இரையின் ரோமமும் இறகும் உருண்டையாக வாய்வழி வெளியே வந்ததா என்பது. அது வராமல் அடுத்த தீனி கிடையாது. பள்ளிக்கூடம் மாதிரி இருக்கிறது என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேலி செய்தார். இருக்கட்டும். பறவை நம்மேல் உள்ள பாசத்தால் கைக்கு வருவதில்லை. பசிக்கிறது, கையில் இறைச்சி இருக்கிறது, வருகிறது. எடை குறைந்தால் வலு போய்விடும். கூடினால் மரத்தில் உட்கார்ந்து நம்மை வேடிக்கை பார்க்கும். கையில் உட்கார்ந்து தின்பது, கைக்குத் தாவுவது, நீளக் கயிற்றில் பறந்து வருவது, கடைசியில் கயிறில்லாமல் பறப்பது என்று ஒவ்வொரு படியிலும் முதலில் தராசைத்தான் பார்க்கிறோம்.

அதனால்தான் என் பருந்து தொலைந்த கதையையும் சொல்லியாக வேண்டும். மூன்று கூட்டங்களில் அது மூன்று விதமாகப் பேசப்பட்டது. அதன் பறக்கும் எடை, அதாவது பசியோடு கைக்குத் திரும்பி வரும் எடை, 620 கிராம். அன்றும் 620 காட்டியது, ஆனால் என் வீட்டுச் சமையலறைத் தராசில். சங்கத் தராசை யாரோ "ஒரு வாரத்துக்கு" என்று எடுத்துப் போய் அப்போதே நான்கு மாதம். பின்னால் சோதித்தபோது சமையலறைத் தராசு 500 கிராம் எடைக்கல்லை 470 என்றது. மார்பெலும்பைத் தடவிப் பார்த்திருந்தால் சதை கூடியது கைக்கே தெரிந்திருக்கும். அது என் பிழை, ஒப்புக்கொள்கிறேன். தராசு இல்லாதது என் பிழை அல்ல.

தேட வருகிறேன் என்று சொன்னவர்கள் 14 பேர். வந்தவர்கள் இருவர். மூன்றாம் நாள் காலை பறவைமேல் மாட்டிய டிரான்ஸ்மிட்டரின் சிக்னல் கிடைத்தது. பசி முற்றியிருந்ததால் ஒரே விசிலுக்குக் கைக்கு வந்தது. பறக்கவிடும்போது துளையில்லாத கால்வார் (பறவையின் காலில் கட்டும் தோல் வார்) மாட்டுங்கள் என்று வகுப்பில் சொன்னபோது சிரித்தவர்களுக்கு ஒரு செய்தி: துளையுள்ள வார் கிளையில் சிக்கியிருந்தால் பறவை தலைகீழாகத் தொங்கியே செத்திருக்கும்.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். சுருக்கமாக, வந்ததும் போனதும் ஏறக்குறைய சரி, கையில் கொஞ்சம் இருக்கிறது. டிரான்ஸ்மிட்டர் பேட்டரியும் தீனிக்கான கோழிக்குஞ்சும் நினைத்ததைவிட அதிகம் இழுத்துவிட்டன. சந்தா பாக்கி வைத்திருப்பவர்களின் பெயரைப் படிக்க வேண்டாம் என்று செயற்குழு முடிவெடுத்தது. நான் எதிர்த்து ஓட்டுப் போட்டேன் என்பது பதிவாகட்டும். நம் வேட்டைப் பறவைக் கலைக்கு 2010இல் பாரம்பரியம் என்று யுனெஸ்கோ அங்கீகாரம், 2021இல் அந்தப் பதிவில் 24 நாடுகள் என்று மேடையில் மார்தட்டுகிறோம். சரி, சந்தாவை யுனெஸ்கோவா கட்டும்?

தலைவர், பொருளாளர், பறவை மருத்துவர், நிலத்தில் நடக்கவிட்ட உரிமையாளர்கள் அனைவருக்கும் நன்றி. தேட வந்த அந்த இருவருக்கும் தனியாக.

அடுத்த ஆண்டு ஐந்து பேருக்கும் ஆளுக்கொரு வழிகாட்டி வேண்டும். இருவரை நான் பார்த்துக்கொள்கிறேன். மூவருக்கு ஆள் இல்லை. என் முழங்காலும் முன்போல இல்லை. செயலாளர் பொறுப்பை யாராவது கேட்டால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். போன ஆண்டும் இதையே சொன்னேன், அப்போதும் எல்லாரும் கை தட்டினீர்கள்.

சங்கத் தராசு யாரிடம் இருக்கிறதோ, இரவில் என் வாசலில் வைத்துவிட்டுப் போனாலும் போதும். யார் என்று கேட்க மாட்டேன்.