ஆச்சி தேய்த்த ரூபாய்

பாளையங்கோட்டை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிவிட்டது. ஆனித் தேருக்கு வந்த சொந்தக்காரர்கள் நேற்றுதான் கிளம்பினார்கள்; இப்போதுதான் மேசையில் கை வைக்க இடம் கிடைத்தது. அப்பாவுடைய பிஸ்கட் டப்பாவில் எண்பது பழைய நாணயத்துக்கு மேல் இருக்கிறது, எல்லாவற்றையும் கிரேடிங்குக்கு, அதாவது அசலா என்று பார்த்துத் தரத்துக்கு மதிப்பெண் போடுகிற கம்பெனிக்கு, அனுப்பிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். முதலில் ஒன்று: அதைக் கழுவித் தொலைக்காதே. நான் பட்டதைச் சொல்கிறேன், கேள்.

எங்கள் ஆச்சி வைத்திருந்த 1938-ஆம் வருஷத்து ஆறாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய் ஞாபகம் இருக்கிறதா? பள்ளிக்கூடத்துக்கு எடுத்து வந்து உன்னிடம் காட்டிவிட்டு, சாயங்காலம் வாரியலால் அடி வாங்கினேனே, அதேதான். 1939 போட்ட ரூபாய் அபூர்வம். 1940-இல் வெள்ளியைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். பழைய 91.7 சதவீத வெள்ளியில் நம்மைப் போன்றவர்கள் கைக்கு வருகிற கடைசி வருஷம் 1938-தான். ராஜா முகத்தில் தேய்மானமே தெரியவில்லை. ஒரு ஏஜெண்டைப் பிடித்துக் கிரேடிங்குக்கு அனுப்பினேன். “எம்.எஸ். 63-ஆவது வரும் சார்” என்று அவரும் ஏற்றிவிட்டார்.

அந்த எண் கணக்கே வேடிக்கையானது. 1 முதல் 70 வரை; 60-உம் அதற்கு மேலும் என்றால் புழக்கத்துக்கே வராத காசு; அதற்குத்தான் எம்.எஸ்., ‘மின்ட் ஸ்டேட்’, என்று பெயர். ஷெல்டன் என்ற அமெரிக்கர் 1949-இல் தம் ஊர்ப் பழைய செப்பு சென்ட்டுகளுக்காக உண்டாக்கியது. 1 வாங்கிய காசு ஒரு டாலர் என்றால் 70 வாங்கியது எழுபது டாலர், அவ்வளவுதான் அவர் கணக்கு. விலை எங்கோ ஓடிவிட்டது, எண் மட்டும் நின்றுவிட்டது. 1986-இல் பிசிஜிஎஸ், அடுத்த வருஷம் என்ஜிசி என்று கம்பெனிகள் வந்து, மதிப்பெண் போட்ட காசைப் பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து மூடிக் கொடுக்க ஆரம்பித்தன. இரண்டு பாதியையும் ஒலி அதிர்வால் உருக்கி ஒட்டுகிறார்கள். உடைக்காமல் திறக்க முடியாது. ஸ்லாப் என்று பெயர். எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே கடப்பாக் கல்தான் ஞாபகம் வருகிறது.

மூன்று மாதம் கழித்து வந்தது. லேபிளில் எண்ணே இல்லை. ‘டீடெய்ல்ஸ், க்ளீன்ட்’ என்று போட்டிருந்தது. அசல் காசுதான், ஆனால் யாரோ தேய்த்துச் சுத்தம் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். எனக்கு வந்த கோபத்தில் லென்சை எடுத்துக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்தேன். சாய்ந்த வெயிலில் மெள்ளத் திருப்பினால், புதுக்காசில் வெளிச்சம் வண்டிச்சக்கரத்து ஆரக்கால் மாதிரி சுற்றி ஓடும். இதில் ஓடவில்லை. ராஜாவின் மூக்குக்கு முன்னால் உள்ள வெற்றிடத்தில் முடியைவிட மெல்லிய கீறல்கள், எல்லாம் ஒரே பக்கமாக வளைந்து. கட்டைவிரல் போகிற வாக்கு. அப்புறம்தான் உறைத்தது. தை வெள்ளி, ஆடி வெள்ளி தவறாமல் ஆச்சி திருநீற்றைத் தொட்டுத் தொட்டு இதைப் பளபளவென்று தேய்த்துத்தான் பூஜையில் வைப்பாள். எங்கோ உட்கார்ந்திருக்கிறவன் ஆச்சியைக் கண்ணால் பார்த்ததில்லை, கண்டுபிடித்துவிட்டான் பார்! “சாமிக்குத் தேய்ச்சதுக்கா மார்க்கைக் குறைச்சான்?” என்று உன் தங்கச்சி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

கட்டணம், தபால், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்து காசின் விலையைத் தாண்டியது தனிக் கதை. ஏஜெண்டு இப்போது போனை எடுப்பதில்லை.

சரி, உன் டப்பாவுக்கு வருகிறேன். ஓட்டைக் காலணா எத்தனை இருந்தாலும் அதற்கெல்லாம் ஸ்லாப் தண்டம். 1911-ஆம் வருஷத்து ரூபாய் ஒன்று இருப்பதாக எழுதியிருக்கிறாய். நல்ல காசு. ராஜாவின் மேலங்கியில் இருக்கிற யானையைப் பார். துதிக்கை குட்டையாகிப் பன்றி மாதிரி தெரியும். அந்தப் பேச்சு கிளம்பித்தான் 1912-இல் அச்சை மாற்றினார்கள். ஆனால் நூறு வருஷம் தாண்டிய நாணயம் 1972-ஆம் வருஷச் சட்டப்படி தொல்பொருள். நீயோ நானோ அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. “நான் பார்த்துக்கிறேன்” என்று எவனாவது சொன்னால் கொடுத்துவிடாதே. தாமிரபரணி மணலில் சல்லடை போட்டு எடுக்கிற மீன் முத்திரைப் பாண்டியர் காசுக்கும் இதே கதைதான்.

ஸ்லாப்பில் இருக்கிற காசை விலைக்கு வாங்கினாலும், லேபிளில் இருக்கிற அதன் சான்றிதழ் எண்ணைக் கம்பெனி இணையதளத்தில் போட்டு அங்குள்ள படத்தோடு ஒப்பிட்டுப் பார். பெட்டியையே போலியாகச் செய்கிறார்கள். எண் நிஜமாக இருக்கும், உள்ளே காசு வேறாக இருக்கும். பிவிசி பிளாஸ்டிக் ஆல்பமும் வேண்டாம். அதில் போட்டு வைத்த என் செப்புக்காசு ஏழும் பச்சைப் பிசுக்கு பிடித்துவிட்டன. சுத்தமான அசிட்டோனில் ஊறவைத்து எடுத்தேன், தேய்க்கவில்லை. அதுவும் கழுவுகிறதுதானே என்று நீ மடக்குவாய். ஒட்டின பிசுக்கு வேறு, காசின் தோல் வேறு.

ஸ்லாப்பை உடைத்துவிடலாமா என்றுகூட ஒரு நாள் சுத்தியலை எடுத்தேன். மனசு வரவில்லை. இப்போது பூஜை அலமாரியில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை தோறும் உன் தங்கச்சி பிளாஸ்டிக்கின் மேலேயே குங்குமம் வைக்கிறாள். துடைத்துத் துடைத்து அதிலும் கீறல் விழ ஆரம்பித்துவிட்டது. தீபாவளிக்கு வரும்போது டப்பாவைக் கையிலேயே கொண்டு வா, பார்சலில் போடாதே.

இப்படிக்கு,
உன் மூன்றாம் பெஞ்சுக்காரன்