ஏழு வரி நோட்டீஸ்

சத்துவாச்சாரி, வேலூர்.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நீ வாட்ஸ்அப்பில் அனுப்பின நோட்டீஸை அம்மாவும் நானும் பெரிசாக்கிப் படித்தோம். அமெரிக்க மேல்சபையான செனட்டுக்கு நிற்கிற ரிபப்ளிகன் கட்சி வேட்பாளர். தன்னைக் கன்சர்வேட்டிவ் என்று தானே சொல்லிக்கொள்கிறார். ஏழு விஷயம், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி வாசகம். “இவருக்குப் போடலாமா அப்பா?” என்று கேட்டிருக்கிறாய். போடு என்றும் சொல்ல மாட்டேன், போடாதே என்றும் சொல்ல மாட்டேன். ஏழு வரியையும் எப்படித் தட்டிப் பார்ப்பது என்று மட்டும் எழுதுகிறேன். போனில் ஆரம்பித்தால் நடுவில் குட்டி வந்து பிடுங்கிக்கொள்வான்.

முதலில் அந்தப் பெயர். நம் ஊரில் பழமைவாதி என்றால் நெற்றியும் நாள்நட்சத்திரமும்தான் மனசில் வரும். அங்கே அது மூன்று புரி சேர்ந்த கயிறு. வரி குறைய வேண்டும், அரசு விலகி நிற்க வேண்டும் என்பது ஒரு புரி. நம்மவர்களில் இதற்குக் கிட்டத்தில் வருவது 1959-ல் ராஜாஜி தொடங்கிய சுதந்திரா கட்சி. ‘பெர்மிட் லைசென்ஸ் ராஜ்’ என்று அவர் சாடினாரே, அந்த வாதம். இரண்டாவது புரி மதம், குடும்பம், கருக்கலைப்பு. மூன்றாவது எல்லை, தேசம், உள்நாட்டுத் தொழில். மூன்றும் எப்போதும் ஒரே பக்கம் இழுக்காது. உன் வேட்பாளரிடம் எந்தப் புரி தடிமன் என்று பார். ஏழில் நாலு வரி அங்கே தெரிந்துவிடும்.

அடுத்தது வாசல். அவர் சொன்னதைச் செய்ய எந்த வாசல் வழியாகப் போக வேண்டும்? செனட்டில் 100 பேர். சாதாரண மசோதாவுக்கு விவாதத்தை முடிக்கவே 60 ஓட்டு வேண்டும். வரி, செலவு சம்பந்தப்பட்டதை மட்டும் ரிகன்சிலியேஷன் என்ற பட்ஜெட் வழியில் 51-ல் தள்ளலாம். நீதிபதி நியமனத்துக்கும் பாதிக்கு மேல் இருந்தால் போதும். மிச்சம் ஜனாதிபதி போடும் உத்தரவின் கையெழுத்து, இல்லையென்றால் கோர்ட்டு, இல்லையென்றால் மாநில சட்டசபை. அந்த மூன்றிலும் செனட்டருக்கு நேரடியாகக் கை இல்லை. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பென்சிலால் 60, 51, கையெழுத்து, கோர்ட்டு, மாநிலம் என்று குறித்துவிடு. பாதி நோட்டீஸ் காற்றாகப் போகும்.

வரி. “குடும்பங்களின் வரிச்சுமையைக் குறைப்பேன்” என்கிறார். இது 51 வாசல், நடக்கக்கூடியதுதான். 2017-ல் அப்படித்தான் வந்தது. கம்பெனிகளின் வரி 35 சதவீதத்திலிருந்து 21-க்கு இறங்கி நிரந்தரமானது. தனிநபர் குறைப்புக்கு மட்டும் 2025 கடைசி என்று கெடு வைத்தார்கள். காரணம், பட்ஜெட் வழியில் வருகிற சட்டம் பத்து வருஷத்துக்கு அப்புறமும் பற்றாக்குறையைக் கூட்டக்கூடாது என்ற விதி. 2025 ஜூலை 4-ல் கையெழுத்தான சட்டம்தான் பெரும்பாலானதை நிரந்தரமாக்கியது. செனட்டில் அது 50-க்கு 50 நின்று, துணை ஜனாதிபதியின் ஓட்டில் தப்பியது. ஒரு ஓட்டுக்கு அங்கே அவ்வளவு விலை.

அதே சட்டத்தில் நமக்கு ஒட்டின ஒரு சங்கதி உண்டு. வெளிநாட்டுக்கு அனுப்புகிற பணத்துக்கு வரி. கமிட்டியில் வந்தபோது 5 சதவீதம். கீழ்ச்சபையில் 3.5 ஆனது. கடைசியில் 1 சதவீதம். அதுவும் ரொக்கம், மணி ஆர்டர், கேஷியர் செக் கொடுத்து அனுப்பினால்தான். உன் பேங்க் கணக்கிலிருந்து நேராக அனுப்புகிற அம்மாவின் மருந்துப் பணத்துக்கு அது கிடையாது. 5 என்று கேட்ட அன்றைக்கே குடியாத்தத்து வீடுகள் வரைக்கும் வயிறு கலங்கியது. நோட்டீஸில் இருப்பது கமிட்டிக் கட்டத்து எண்தான் என்று நினைத்துக்கொள்.

மூன்றாவது வரியில் “அரசுச் செலவை வெட்டுவேன்”, ஐந்தாவதில் “முதியோரின் சலுகையைத் தொடமாட்டேன்” என்று இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படி. அங்கே செலவில் பெரும்பகுதி சோஷியல் செக்யூரிட்டி (முதியோர் ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவம்), மெடிகெய்ட் (ஏழைகள் மருத்துவம்), ராணுவம், வட்டி. முதல் இரண்டையும் தொடமாட்டார், ராணுவத்தைக் கூட்டுவார், வட்டியைத் தவிர்க்க முடியாது. அப்படியானால் கத்தி எங்கே விழும்? கூட்டத்தில் கேட்கக் கிடைத்தால் இந்த ஒரு கேள்வியைக் கேள்.

உன் சம்பளச் சீட்டில் ஓஏஎஸ்டிஐ என்று ஒரு பிடித்தம் இருக்கும். அதுதான் சோஷியல் செக்யூரிட்டி. 6.2 சதவீதம் உன்னிடம், அதே அளவு கம்பெனியிடம். வருஷத்துக்கு ஒரு லட்சம் டாலர் சம்பளம் என்றால் 6,200-ம் 6,200-ம். நம் பி.எஃப். மாதிரி உன் பேரில் சேருகிற பணம் இல்லை இது. இன்றைக்குப் பிடிக்கிறது இன்றைய கிழவர்களுக்குப் போகிறது. சேர்ந்திருக்கும் கையிருப்பு 2033 வாக்கில் தீரும், அதன்பின் வரவை வைத்து 77 சதவீதம்தான் கொடுக்க முடியும் என்று அதன் அறங்காவலர்களே 2025-ல் கணக்குக் காட்டினார்கள். அதனால் “சீர்திருத்தம்” என்று வேட்பாளர் சொன்னால் எது என்று பிடித்துக்கொள். வயசை ஏற்றுவதா? 1983-ல் ரீகன் கையெழுத்திட்டது அது. 1960-லும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்கு முழு ஓய்வூதிய வயசு 67. தனிக்கணக்கு ஆக்குவதா? 2005-ல் புஷ் முயன்றார், சட்டமாகவில்லை. இங்கே 2003 ஏப்ரலுக்கு அப்புறம் அரசு வேலைக்கு வந்தவர்களிடம் பழைய பென்ஷன், புது பென்ஷன் என்று கேட்டுப் பார், எதைத் தொட்டால் எங்கே எரியும் என்று புரியும். ஒன்று உனக்குச் சாதகம்: இந்தத் திட்டத்தை 51 வாசலில் மாற்ற விதி இடம் தருவதில்லை. 60 வேண்டும்.

மருத்துவத்துக்கு “ஒபாமாகேருக்கு மாற்று” என்று ஒரே வரி. 2010 சட்டம் அது. ஏற்கெனவே நோய் இருக்கிறது என்று சொல்லி இன்சூரன்ஸ் மறுக்கக்கூடாது, 26 வயசு வரை பிள்ளை பெற்றோர் பாலிசியில் இருக்கலாம் என்பதெல்லாம் அதில் வந்தது. 2017 ஜூலை 28-ல் அதை எடுக்கப் பார்த்து 49-க்கு 51-ல் தோற்றார்கள். ‘மாற்று’ என்கிறவர் சட்டமாக எழுதிவைத்த ஒன்றைக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அந்த வரி வெறும் கோபம்.

ஏழைகளுக்கான மெடிகெய்டில் மாசம் 80 மணி வேலைக் கணக்குக் காட்ட வேண்டும் என்பது 2025 சட்டத்திலேயே வந்துவிட்டது. ஆதரிப்பவர் வாதம் நேர்மையானதுதான்: உடம்பு திடமாக இருப்பவர் உழைக்கட்டும், வரி கட்டுகிறவன் பணம் இது. கோளாறு வேறு இடத்தில் வரும். 2018-ல் ஆர்கன்சா மாநிலத்தில் இதைச் செய்தபோது சில மாசத்தில் 18,000-க்கு மேற்பட்டவர்கள் பட்டியலிலிருந்து விழுந்தார்கள். வேலைக்குப் போகிறவர்களும் கணக்கை ஆன்லைனில் ஏற்றத் தெரியாமல் சிக்கினார்கள். நம் ரேஷன் கடையில் கைரேகை தேய்ந்த பாட்டி மிஷினில் விரல் வைத்து வைத்து எடுப்பாளே, அதே கதை.

கருக்கலைப்பு, நோட்டீஸில் இல்லாவிட்டாலும் கேட்க வேண்டியது: அதை உரிமையாக்கிய 1973 தீர்ப்பை 2022 ஜூன் 24-ல் உச்ச நீதிமன்றம் நீக்கியது. இப்போது அது மாநிலத்தின் கையில். அதனால் தேசிய வேட்பாளரிடம் “எதிர்ப்பீர்களா?” என்று கேட்பது பாதிக் கேள்வி. “மாநிலத்திடமே விடுவீர்களா, நாடு முழுக்க வாரக் கணக்கு வைப்பீர்களா?” என்று கேட்க வேண்டும். 2022 செப்டம்பரில் 15 வாரத்துக்கு மேல் தடை என்று ஒரு மசோதா வந்தது, அவர்கள் கட்சிக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை. 60 கிடைப்பது கடினம். ஆனால் நீதிபதியை உட்காரவைக்க 51 போதும். உன் வேட்பாளர் ஜெயித்தால் ஆறு வருஷம் அந்த ஓட்டு அவர் கையில்.

துப்பாக்கி பற்றின வாசகம் வழக்கமானது. தனிநபரின் துப்பாக்கி உரிமையை உறுதிசெய்த 2008, 2022 தீர்ப்புகளுக்குப் பிறகு அங்கே பெரிய மாற்றம் கோர்ட்டில்தான். 2022 ஜூனில் 21 வயசுக்குக் கீழானவர் வாங்கும்போது கூடுதல் சோதனை என்ற சட்டத்துக்கு அவர் கட்சி செனட்டர்கள் 15 பேர் ஓட்டுப் போட்டார்கள். அதை அவர் எப்படிப் பேசுகிறார் என்று பார், ஆள் தெரிந்துவிடுவார்.

குடியேற்றம். நீ இதைத்தான் இரண்டு தடவை அடிக்கோடு போட்டு அனுப்பினாய். “எல்லையைப் பாதுகாப்பேன்” என்பது தெற்கு எல்லை, கள்ளக் குடியேற்றம். அதில் அவர்களுக்குள் சண்டையே இல்லை. சண்டை சட்டப்படி வருகிறவர்கள் விஷயத்தில்தான், நம் பிள்ளைகள் நிற்கிற வரிசையும் அதுதான். வேலை வழி கிரீன் கார்டு வருஷத்துக்குச் சுமார் 1,40,000. ஒரு நாட்டுக்கு 7 சதவீதத்துக்கு மேல் கூடாது. குடியுரிமையைப் பார்ப்பதில்லை, பிறந்த நாட்டைத்தான் பார்க்கிறார்கள். இந்த உச்சவரம்பை எடுக்கும் மசோதா 2019-ல் கீழ்ச்சபையில் 365-க்கு 65 என்று தேறியது. செனட்டில் அதைச் சுமந்தவர் யூட்டா மாநிலத்தின் மைக் லீ, சுத்தமான கன்சர்வேட்டிவ். 2020 டிசம்பரில் அங்கேயும் வேறு வடிவத்தில் தேறி, இரண்டையும் ஒன்றாக்காமலே அந்த அவையின் காலம் முடிந்தது. அதே கட்சியில் 2017-ல் செனட்டர்கள் காட்டனும் பெர்டியூவும் கொண்டுவந்த மசோதா, உடன்பிறந்தவர், பெற்றோர் வழிக் கிரீன் கார்டையே எடுத்துவிடச் சொன்னது. நாங்கள் இரண்டு பேரும் அங்கே வந்து குளிரில் உட்காரப் போவதில்லை, ஆனாலும் உன் தம்பி இருக்கிறான். அதனால் அவரிடம் இந்த இரண்டு மசோதாவில் எது உங்களுடையது என்று கேள். எச்1பி வேலை விசாவுக்கு 2025 செப்டம்பரில் வந்த ஒரு லட்சம் டாலர் கட்டணம் கையெழுத்து வாசல். செனட்டர் அதைப் பற்றி மேடையில் பேசலாம், மாற்ற வேண்டுமானால் சட்டம் வேண்டும்.

கடைசி வரி, “அமெரிக்கத் தொழிலைக் காக்கும் இறக்குமதி வரி.” இதைப் படித்தபோது ஆம்பூர் ஷூ கம்பெனிகளின் ஞாபகம் வராமல் இருக்குமா? 2025 ஆகஸ்ட் 27-ல் இந்தியச் சரக்குக்குக் கூடுதல் வரி 50 சதவீதம் ஆனது. அந்த வரி இருந்தபோது, சுங்க மதிப்பு 20 டாலர் என்றால் ஒரு ஜோடி ஷூவுக்கு, வழக்கமான இறக்குமதி வரி போக, மேலே 10 டாலர் ஆனது; 2026 பிப்ரவரியில் அந்த 50 போய்விட்டது, ஆனால் கணக்கு எப்போதும் இதுதான். கட்டுவது அங்கே இறக்குமதி செய்கிறவர். ஆனால் அவர் சும்மா கட்டுவாரா? ஆர்டர் போடும்போதே விலையைக் குறை என்பார், இல்லையென்றால் வியட்நாம் போவார். குறைக்கிற அந்த ஒன்று இரண்டு டாலர் ஷூ கம்பெனியின் லாபத்திலிருந்து போகும். அப்புறம் ஷிஃப்ட் குறையும், அப்பர் தைக்கிற பெண்களுக்கு வேலை நாள் குறையும். மீதியை அங்கே கடையில் நீ கொடுப்பாய். அங்கே ஒரு தொழிற்சாலை திரும்பி வருகிறது என்பது எதிர்த்தரப்பு வாதம். எஃகுக்கு அது ஓரளவு பொருந்தலாம், கையால் தைக்கிற தோல் சரக்குக்கு எனக்கு நம்பிக்கை இல்லை. வரி போடும் அதிகாரம் அரசியல் சாசனப்படி காங்கிரஸ் என்கிற அவர்கள் நாடாளுமன்றத்துடையது. பல சட்டங்கள் வழியாக ஜனாதிபதிக்கு விட்டுக்கொடுத்தது. கையெழுத்தில் ஏறினது இன்னொரு கையெழுத்தில் இறங்கும், அதனால்தான் இங்கே எவனும் அடுத்த சீசனுக்குத் தைரியமாகத் தோல் வாங்குவதில்லை. “அந்த அதிகாரத்தைத் திரும்ப எடுப்பீர்களா?” இதுதான் கேள்வி. சிறிய அரசு என்கிறவர் இதற்கு இல்லை என்றால் முதல் புரி அங்கேயே பிரிந்துவிடுகிறது. ராஜாஜி இருந்திருந்தால் இந்த ஒரு வரிக்கே சண்டைக்குப் போயிருப்பார்.

இதெல்லாம் சரிபார்க்க: அவர் ஏற்கெனவே பதவியில் இருந்தவர் என்றால் நோட்டீஸைத் தூரப் போட்டுவிட்டு, காங்கிரஸின் சொந்தத் தளத்தில் அவர் பெயரைப் போட்டு, கொண்டுவந்த மசோதா, இணைந்து கையெழுத்திட்டது இரண்டையும் பார்; ஓட்டுப் பதிவை அவர் இருந்த சபையின் தளத்தில் பார். நடைமுறை ஓட்டும் இறுதி ஓட்டும் வேறு. விவாதத்தை முடிக்கும் ஓட்டில் எதிர்த்துவிட்டு, மசோதாவை ஆதரித்தேன் என்று மேடையில் சொல்கிறவர்கள் எல்லாக் கட்சியிலும் உண்டு. புதுமுகம் என்றால் யார் பணம் கொடுத்தார்கள் என்று மத்தியத் தேர்தல் கமிஷனின் (எஃப்.இ.சி.) நன்கொடைப் பட்டியலில் பார். 200 டாலருக்கு மேல் கொடுத்தவர் பெயர் அதில் இருக்கும். இங்கே 2019-ல் பணம் பிடிபட்டு வேலூர் மக்களவைத் தேர்தலே ரத்தாகி ஆகஸ்ட் 5-க்குப் போனது. அங்கே கவர் கிடையாது, விளம்பரம்தான், அதற்கு ரசீதும் உண்டு.

இனி உன் சொந்த வேலை. தேர்தல் 2026 நவம்பர் 3. பதிவுக்குக் கடைசி நாள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், இன்றைக்கே பார். மாப்பிள்ளை இன்னும் கிரீன் கார்டில்தானே? லைசென்ஸ் புதுப்பிக்கப் போகும்போது ஓட்டர் பதிவு வேண்டுமா என்று திரையில் கேட்கும். தெரியாமல் ஆமாம் என்று தொட்டுவிட்டால் பின்னால் அவருடைய குடியுரிமை மனுவே சிக்கலாகும். ‘இல்லை’ என்று தொடச் சொல், நான் சொன்னேன் என்று சொல்.

உன் பேர் விஷயம்தான் எனக்குக் கவலை. இங்கே உனக்கு இனிஷியல் மட்டும்; பாஸ்போர்ட்டில் அது விரிந்து, என் பேர் உனக்குக் கடைசிப் பேராகிவிட்டது. குடியுரிமைச் சான்றிதழ், சோஷியல் செக்யூரிட்டி, லைசென்ஸ் மூன்றிலும் ஒரே எழுத்தாக இருக்கிறதா பார். பதிவு மனுவை லைசென்ஸ் எண்ணோடோ சோஷியல் செக்யூரிட்டியின் கடைசி நாலு இலக்கத்தோடோ ஒட்டிப் பார்ப்பார்கள், பேர் ஒத்துவரவில்லை என்றால் சில மாநிலங்களில் நிறுத்திவைப்பார்கள். முதலில் சான்றிதழை எடுத்துக்கொண்டு சோஷியல் செக்யூரிட்டி ஆபீஸ், அங்கே மாறின பிறகு லைசென்ஸ், அதற்கப்புறம் பதிவு. தபாலில் ஓட்டுப் போடுவதானால் உறையில் லைசென்ஸில் போட்ட அதே கையெழுத்து. நீ ரிப்போர்ட் கார்டில் எனக்குப் பதிலாகப் போட்டாயே, அந்தக் கையெழுத்து இல்லை.

அப்பா